ஸ்கோப் போடாமல் எம்.ஆர்.ஐ.யிலேயே மூத்திரப்பையைப் பார்த்துவிட முடியாதா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் அப்பாவுக்கு 66 வயது. சாயப்பட்டறையில் பல வருடம் வேலை பார்த்தவர். பீடிப் பழக்கமும் உண்டு. போன வருடக் கடைசியில் யூரினில் ரத்தம் வந்தது. மூத்திரப்பையில் கட்டி என்று சொல்லி, யூரின் போகும் வழியாகவே கருவியை விட்டு அறுத்து எடுத்தார்கள். பயாப்ஸியில் ஹை கிரேடு புற்று, அதாவது வீரியமான வகை, ஆனால் தசைக்குள் போகவில்லை என்று வந்தது. அப்புறம் வாரம் ஒன்றாக ஆறு தடவை பி.சி.ஜி. மருந்தைப் பைக்குள் செலுத்தினார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கோப் (யூரின் வழியாக விடும் கேமராக் குழாய்) போட்டுப் பார்க்க வேண்டுமாம். முதல் தடவை போட்டபோது அப்பா துடித்துவிட்டார். அடுத்த தேதி நெருங்குகிறது, செத்தாலும் வரமாட்டேன் என்கிறார். எம்.ஆர்.ஐ. எடுத்து, பைக்குள் போய்ப் பார்ப்பதுபோல வீடியோவாகக் காட்டும் 'விர்ச்சுவல் சிஸ்டோஸ்கோபி' என்று ஒன்று இருப்பதாகப் படித்தேன். ஸ்கோப்புக்குப் பதில் அது போதுமா? எங்கே எடுக்கலாம்? அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் இருக்கிறது, சுகர் உண்டு, கிரியேட்டினின் 1.6. செலவு பற்றிக் கவலை இல்லை.

– ஒரு மகன், ஈரோடு மாவட்டம்

பதில்:

நேராகவே சொல்லிவிடுகிறேன். போதாது. உங்கள் அப்பாவின் நிலையில் ஸ்கோப் இருக்க வேண்டிய இடத்தில் எம்.ஆர்.ஐ.யை வைக்க முடியாது. இதைச் சொல்கிற நான் ஸ்கோப் போடும் யூராலஜிஸ்ட் இல்லை, எம்.ஆர்.ஐ. படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் கதிரியக்க மருத்துவர். என் தொழிலுக்கு ஆதாயமான பதில் 'தாராளமாக வாருங்கள், எடுத்துவிடலாம்' என்பதுதான். அதைச் சொல்ல மனம் வரவில்லை.

அப்பாவின் வலிக்கு வழி இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. வழி இருக்கிறது, ஸ்கோப் போடுகிற அறையிலேயே இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாக எழுதியிருக்கிறேன். அவசரமென்றால் முதலில் அங்கே போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

நீங்கள் படித்தது பொய்யில்லை. அப்படி ஒரு முறை உண்மையாகவே இருக்கிறது. எம்.ஆர்.ஐ.யில் டி2 என்ற வகைப் படத்தில் தண்ணீர் வெள்ளையாகத் தெரியும், தசை கறுப்பாகத் தெரியும். மூத்திரப்பை என்பது தசைச் சுவருக்குள் தேங்கிய நீர்தானே? அதனால் வெளியிலிருந்து எந்த மருந்தும் விடாமலே உள்ளே வெள்ளை, சுற்றிலும் கறுப்பு என்று பை பளிச்சென்று பிரிந்து தெரிகிறது. சுமார் ஒரு மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காகப் படமெடுத்து, வெள்ளை முடிந்து கறுப்பு தொடங்கும் எல்லையைக் கம்ப்யூட்டரைக் கொண்டு கண்டுபிடிக்கச் சொன்னால் பையின் உள்சுவர் முப்பரிமாணத்தில் கிடைத்துவிடும். அதற்குள் இல்லாத ஒரு கேமராவை வைத்து, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பிப் பறந்து பார்க்கலாம். நீங்கள் பார்த்த வீடியோ இப்படி வந்ததுதான்.

இது நேற்று வந்த புதுமையும் இல்லை. பால் லாட்டர்பர் 1973-இல் முதல் எம்.ஆர். படத்தை வெளியிட்டபோது நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகத்தில் இருந்தார். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்த வேலை அது. அதே பல்கலைக்கழகத்தில்தான் 1990-களில் கம்ப்யூட்டர் அறிஞர் ஆரி காஃப்மனும் அவருடைய கூட்டாளிகளும் குடலுக்குள் பறந்து பார்க்கும் மென்பொருளை உருவாக்கினார்கள். அங்கேயே ஜெரோம் லியாங் போன்றவர்கள் மூத்திரப்பைக்கும் இதைச் செய்ய முடியுமா என்று எம்.ஆர்.ஐ.யை வைத்து முயன்றார்கள். சி.டி. ஸ்கேனிலும் இதைச் செய்தார்கள். ஆனால் அதற்குப் பையைக் காற்றால் நிரப்ப வேண்டியிருந்தது, காற்றை விட ஒரு டியூப் போட வேண்டியிருந்தது. டியூபைத் தவிர்க்க வந்த பரிசோதனைக்கே ஒரு டியூப்! எம்.ஆர்.ஐ. அந்தச் சிக்கலையும் கதிர்வீச்சையும் ஒரே அடியில் தவிர்த்தது. அந்தக் காலக் கட்டுரைகளைப் படித்தால், இன்னும் சில வருடங்களில் ஸ்கோப்புக்கே வேலை இருக்காது என்று தோன்றும்.

முப்பது வருடம் ஆகப்போகிறது. இன்றும் உலகம் முழுக்க யூராலஜிஸ்டுகள் ஸ்கோப்தான் போடுகிறார்கள். ஏன் என்று பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பதில் வந்துவிடும்.

அந்த வீடியோவில் பைச் சுவர் அழகான இளஞ்சிவப்பில் இருந்திருக்கும், கவனித்தீர்களா? அந்த நிறம் உங்கள் அப்பாவின் பையில் இருந்து வந்ததே இல்லை. மென்பொருள் பூசியது. பச்சை பூசச் சொன்னால் பச்சை பூசும். எம்.ஆர்.ஐ.க்கு நிறம் தெரியாது, மேடு பள்ளம்தான் தெரியும். ஹை கிரேடு கட்டி வந்தவர்களிடம் யூராலஜிஸ்ட் முக்கியமாகத் தேடுவது மேட்டை மட்டுமா? இல்லை. கார்சினோமா இன் சிட்டு என்று ஒரு வகை உண்டு, சி.ஐ.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். அது கட்டியாக எழும்பாது. பையின் உள்தோலோடு தட்டையாகப் படர்ந்து, பல சமயம் சிவந்த திட்டாகத் தெரியும். பார்க்கச் சாதுவாக இருந்தாலும் உள்ளபடி அது ஹை கிரேடு. விட்டுவைத்தால் தசைக்குள் இறங்கக் கூடியது. ஹை கிரேடு கட்டியோடு சேர்ந்தே இது அடிக்கடி வருகிறது. உள்தோலின் மொத்தக் கனமே ஐந்து முதல் ஏழு அடுக்குச் செல்கள்தான். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் படமெடுக்கும் எங்கள் மிஷினுக்கு அதில் ஒரு மாற்றமும் தெரியாது. துணியில் சாயம் திட்டுத் திட்டாகப் பிடித்திருக்கிறதா என்று இருட்டில் கையால் தடவிச் சொல்ல முடியுமா என்று உங்கள் அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள்.

தட்டையான திட்டு ஒன்று, சின்னக் கட்டி இன்னொன்று. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கட்டியை எம்.ஆர்.ஐ. நன்றாகவே காட்டிவிடும். ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழே போகப் போகத் தப்பவிடுவது கூடும். இரண்டு மில்லிமீட்டர் மொட்டு என்பது எங்கள் படத்தில் இரண்டே புள்ளி. அந்தப் புள்ளியும் நிலையாக நிற்காது. படமெடுக்கிற சில நிமிடங்களிலேயே சிறுநீரகம் யூரினை அனுப்பிக்கொண்டே இருக்கிறது, பை கொஞ்சம் கொஞ்சமாக விரிகிறது, மேலே குடல் அசைகிறது, மூச்சு வேறு. ஸ்கோப்பில் இதே மொட்டு நல்ல வெளிச்சத்தில் பெரிதாகத் தெரியும், அப்போதே கிள்ளி எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பலாம், சின்னதென்றால் சுட்டும் விடலாம். எம்.ஆர்.ஐ.யில் எதையாவது கண்டால் அதற்குப் பிறகும் ஸ்கோப் போட்டுத்தானே எடுக்க வேண்டும்?

இல்லாததை இருப்பதாகக் காட்டுவதும் உண்டு. உங்கள் அப்பா வயதில் பலருக்குப் புராஸ்டேட் வீங்கியிருக்கும். அதன் நடு மடல் பையின் அடிப்பக்கத்தை முட்டிக்கொண்டு உள்ளே வந்தால் வீடியோவில் அச்சு அசல் கட்டி மாதிரியே தெரியும். அடைப்பை எதிர்த்து முக்கி முக்கிப் பைச் சுவரில் வரிவரியாகத் தசை புடைத்திருக்கும், அது வேறு குழப்பும். ரத்தக்கட்டி, சின்னக் கல் எல்லாமே மேடுதான். அதனால்தான் நாங்கள் பறக்கும் வீடியோவை நம்பி ரிப்போர்ட் எழுதுவதில்லை. அடுக்கடுக்கான மூலப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எழுதுகிறோம். வீடியோவில் புதிதாக எந்தத் தகவலும் இல்லை, மூலப் படத்தில் இருப்பதை வேறு கோணத்தில் காட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளதைச் சொன்னால், அது எங்களைவிட மாநாட்டு மேடைகளுக்கே அதிகம் உதவியிருக்கிறது.

உங்கள் அப்பாவுக்கு இதற்கும் மேல் ஒரு சிக்கல், பி.சி.ஜி. அந்த மருந்தின் வேலையே பைச் சுவரில் அழற்சியை உண்டாக்கி, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைக் கட்டியின் மேல் ஏவிவிடுவதுதான். மருந்து போன பையின் சுவர் வீங்கித் தடித்திருக்கும். அந்தத் தடிப்பில் எது மருந்தால் வந்தது, எது திரும்பி வந்த நோய் என்று எம்.ஆர்.ஐ.யை மட்டும் பார்த்துப் பிரித்துச் சொல்வது எனக்குக் கஷ்டம்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி வரும். குடலுக்கு இதே வித்தை பலித்ததே, மூத்திரப்பைக்கு ஏன் பலிக்கவில்லை? சி.டி. வைத்துச் செய்யும் விர்ச்சுவல் கொலனோஸ்கோபியை அமெரிக்காவில் குடல் புற்றுநோய்க்கான முன்சோதனைகளில் ஒன்றாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். என் கணிப்பு இது. குடலில் ஐந்து மில்லிமீட்டருக்குக் கீழான பாலிப் என்ற சதை மொட்டைத் தப்பவிட்டாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. அது புற்றாக மாறுவதற்குப் பல வருடம் ஆகும், பெரும்பாலானவை மாறுவதே இல்லை. மூத்திரப்பையில் அந்தச் சலுகை கிடையாது. ஏற்கெனவே ஹை கிரேடு வந்த பையில் மூன்று மில்லிமீட்டர் மொட்டும் கணக்கில் வரும், மொட்டே இல்லாத திட்டும் கணக்கில் வரும். அப்புறம், கொலனோஸ்கோபிக்கு மயக்க ஊசி, ஒரு நாள் வேலை போவது என்று சங்கடங்கள் இருக்கின்றன. அதற்கு மாற்று கிடைத்தால் ஜனங்கள் ஓடி வருவார்கள். மூத்திரப்பை ஸ்கோப், சரியான கருவியில் சரியாகப் போட்டால், ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க, அதைவிட அதிகச் செலவில் அரை மணிக்கு மேல் மிஷினுக்குள் படுத்து, அதைவிடக் குறைவாகப் பார்க்க வேண்டும் என்றால் யார் வருவார்கள்?

சரி, மூத்திரப்பைக்கு எம்.ஆர்.ஐ. வீணா? இல்லவே இல்லை. ஸ்கோப்பால் முடியாத ஒன்றை அது செய்யும். ஸ்கோப் சுவரின் மேல்பரப்பைப் பார்க்கிறது. சுவருக்குள் கட்டி எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. இந்த நோயில் எல்லாமே அந்த ஆழத்தை வைத்துத்தான். தசைக்கு மேலேயே நின்றுவிட்டால் அறுத்தெடுத்து, மருந்து விட்டுக் கண்காணிக்கலாம். தசைக்குள் போய்விட்டால் பையையே எடுப்பதா, கீமோவும் கதிர்வீச்சும் கொடுப்பதா என்று பேச்சே மாறிவிடும். டி2 படத்தில் தசை ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும் என்றேன் அல்லவா? கட்டிக்கு அடியில் அந்தக் கோடு அறுபடாமல் ஓடுகிறதா, அறுபட்டிருக்கிறதா என்று பார்ப்போம். அதோடு திசுவுக்குள் நீரின் நகர்வைக் காட்டும் டிஃப்யூஷன் என்ற வகைப் படமும், படம் துலங்க ரத்தத்தில் ஏற்றும் காண்ட்ராஸ்ட் மருந்து கட்டியில் ஏறும் வேகமும் சேர்த்து 1 முதல் 5 வரை ஒரு மதிப்பெண் போடுவோம். 2018-இல் வந்த இந்த முறைக்கு வி.ஐ.-ராட்ஸ் என்று பெயர். 1, 2 என்றால் தசைக்குள் போயிருக்க வாய்ப்புக் குறைவு. 4, 5 என்றால் அதிகம். 3 வந்தால் எங்களுக்கும் தலைவலிதான்.

இதனால் என்ன லாபம் என்று பிரிட்டனில் பிளாடர்பாத் என்ற ஆய்வில் பார்த்தார்கள். தசைக்குள் போயிருக்கும் என்று சந்தேகப்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான அறுவையை முதலில் செய்தார்கள், இன்னொரு பிரிவினருக்கு எம்.ஆர்.ஐ.யை முதலில் எடுத்தார்கள். உண்மையிலேயே தசைக்குள் போயிருந்தவர்களுக்குச் சரியான சிகிச்சை தொடங்க ஆன காலம், நடுத்தர அளவாக, 98 நாளிலிருந்து 53 நாளாகக் குறைந்தது. எனக்குக் கேட்டால் மூத்திரப்பையில் எம்.ஆர்.ஐ.யின் உண்மையான சாதனை இதுதான். இதில் யாரும் பைக்குள் பறக்கவில்லை.

ஆக, எம்.ஆர்.ஐ.க்கு உரிய நேரம் கட்டி கண்ணில் பட்ட பிறகு, அதை அறுப்பதற்கு முன்னால். அறுத்த உடனே எடுத்தால் புண்ணின் வீக்கம் குழப்பும். இரண்டு வாரமாவது ஆற விட வேண்டும். உங்கள் அப்பாவுக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. கடவுள் புண்ணியத்தில் தேவைப்படாமலே போகட்டும். எப்போதாவது கட்டி திரும்பி வந்து, பார்க்கவும் பெரிதாக இருந்தால், அறுப்பதற்கு முன் ஒரு எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

பறக்கும் வீடியோவுக்கும் சில இடங்களில் வேலை உண்டு. யூரின் பாதை சுருங்கி ஸ்கோப்பே நுழையாதவர்கள், பையின் சுவர் பிதுங்கி உருவான பக்கப் பையின் வாய் குறுகி ஸ்கோப் உள்ளே போக முடியாதவர்கள், ரத்தம் கொட்டி உள்ளே எல்லாம் செக்கச்செவேலென்று ஒன்றும் தெரியாதவர்கள். இவர்களுக்கு முழுதும் தெரியாமல் இருப்பதைவிட எம்.ஆர்.ஐ.யில் தெரிகிற அளவு மேல். உங்கள் அப்பா இந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது உங்கள் வீட்டு ஃபைலை எடுங்கள். பயாப்ஸி ரிப்போர்ட்டில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, டி.ஏ. (Ta) என்று போட்டிருக்கிறதா, டி1 (T1) என்றா. இது கட்டி இறங்கிய ஆழத்தைச் சொல்வது, எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். டி.ஏ. என்றால் உள்தோலோடு நிற்கிறது. டி1 என்றால் தோலுக்கு அடியிலுள்ள அடுக்குக்குள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது, தசையை எட்டவில்லை. இரண்டு, 'தசைக்குள் போகவில்லை' என்று சொன்னார்களே, அனுப்பிய சதைத் துண்டில் தசையே இருந்ததா? தசை இல்லாத துண்டை வைத்துத் தசைக்குள் போகவில்லை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. டி1 என்றாலோ துண்டில் தசை இல்லை என்றாலோ, பொதுவாக 2 முதல் 6 வாரத்துக்குள் அதே இடத்தில் மறுபடி ஒருமுறை அறுத்துப் பார்ப்பார்கள். அது நடந்ததா என்று கேளுங்கள். நடக்கவில்லை என்றால் ஏன் என்று தயங்காமல் கேளுங்கள். ஸ்கோப்பா எம்.ஆர்.ஐ.யா என்ற கேள்வியைவிட இது முக்கியமானதாக இருக்கக்கூடும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்பது டாக்டர் பிடிவாதத்தில் சொல்வதில்லை. ஹை கிரேடுக்கு முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் ஐந்து வருடம் முடியும்வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடம் ஒருமுறை. இதுதான் பரவலாகப் பின்பற்றும் கணக்கு. கூடவே யூரினில் உதிர்ந்த செல்களைப் பார்க்கும் சைட்டாலஜி டெஸ்டும் செய்வார்கள். தட்டையான ஹை கிரேடு நோயைப் பிடிப்பதில் அது ஸ்கோப்புக்கு நல்ல துணை. லோ கிரேடு கட்டி வந்தவர், ஸ்கோப் முடியவே முடியாது என்று மறுத்தால், வயிற்று அல்ட்ராசவுண்டை வைத்துக் கண்காணிக்கலாம் என்று ஐரோப்பிய யூராலஜி சங்கத்தின் வழிகாட்டியே கொஞ்சம் இறங்கி வருகிறது. ஹை கிரேடுக்கு அந்தச் சலுகையை அவர்கள் தரவில்லை.

இனி வலி. முதல் தடவை அப்பாவுக்குப் போட்டது ரிஜிட் ஸ்கோப்பா என்று விசாரியுங்கள். அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆணின் யூரின் பாதை சுமார் 20 சென்டிமீட்டர் நீளம், நடுவில் வளைவுகள். ரிஜிட் என்பது நேரான இரும்புக் குழாய். அது போக வேண்டுமென்றால் வளைவை நிமிர்த்தித்தான் போகும். மயக்கமோ முதுகில் ஊசியோ இல்லாமல் ஒரு ஆண் அதைத் தாங்குவது சாதாரண விஷயமில்லை, அப்பா துடித்ததைக் கோழைத்தனம் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஃபிளெக்சிபிள் ஸ்கோப் என்று வளையும் கருவி ஒன்று இருக்கிறது. கனம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். பாதை எப்படி வளைகிறதோ அப்படியே வளைந்து போகும். நுனியைத் திருப்பிப் பையின் வாயை உள்ளிருந்தே பார்க்கலாம். கண்காணிப்புக்கு இது போதும். விலை அதிகம், பழுதானால் செலவு அதிகம் என்பதால் எல்லா ஊர் மருத்துவமனையிலும் இருக்காது. ஈரோட்டில் விசாரியுங்கள், இல்லையென்றால் கோவையில் நிச்சயம் கிடைக்கும். தேதி வாங்கும்போதே 'ஃபிளெக்சிபிள் ஸ்கோப் இருக்கிறதா' என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கருவி மட்டும் போதாது, போடும் விதமும் இருக்கிறது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஜெல்லியை விட்டவுடனே ஸ்கோப்பைச் செலுத்தாமல் சில நிமிடம் காத்திருக்கச் சொல்லலாம். இதைக் கேட்பதற்குக் கூச்சமே வேண்டாம். ஸ்கோப் புராஸ்டேட்டுக்கு முன்னால் இருக்கும் சுருக்குத் தசையைத் தாண்டும்போதுதான் பெரும்பாலோருக்குச் சுரீரென்று இருக்கும். அந்த ஒரு கணத்தில் நர்ஸ் சலைன் பையை அழுத்திப் பிடித்தால் தண்ணீரின் வேகத்தில் பாதை விரிந்து கொடுக்கிறது, ஆண்களுக்கு வலி குறைகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றன. அப்பா அப்போது இறுக்கிக்கொள்ளாமல், யூரின் போகிற மாதிரி விட்டுக்கொடுத்து, மெதுவாக மூச்சை வெளியே விட வேண்டும். டி.வி. திரையை அவர் பார்க்கும்படி வைத்தாலும் வலி குறைவாகத் தெரிகிறது. உள்ளே நடப்பதைத் தானே பார்க்கும்போது மனம் வேறு பக்கம் போய்விடுகிறது. என்ன செய்தாலும் பயம் தெளியவில்லை என்றால் கொஞ்சம் மயக்க மருந்து கொடுத்துச் செய்யலாம். இதயம், சுகர் இரண்டையும் பார்த்துவிட்டு மயக்க டாக்டர் முடிவு சொல்வார்.

ஸ்டென்டுக்காக அவர் சாப்பிடும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரையை வெறுமனே ஸ்கோப் போட்டுப் பார்ப்பதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். பார்ப்பதற்கு மட்டும் என்றால் பெரும்பாலும் நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தினால் ஸ்டென்ட் அடைக்கும் அபாயம் உண்டு. அறுவை என்றால் இதய டாக்டரும் யூராலஜிஸ்டும் பேசி முடிவு செய்ய வேண்டும். சுகர் இருப்பதால் போவதற்கு முன் யூரினில் கிருமி இருக்கிறதா என்று டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். கிருமி இருக்கும்போது ஸ்கோப் போட்டால் குளிர் ஜுரம் வரக்கூடும்.

எம்.ஆர்.ஐ. பற்றியும் கேட்டிருக்கிறீர்கள், என்றாவது தேவைப்பட்டால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதய ஸ்டென்ட் எம்.ஆர்.ஐ.க்குத் தடையில்லை. ஸ்டென்ட் கார்டைக் கையில் கொண்டுபோங்கள். பேஸ்மேக்கர் என்றால் கதை வேறு. 66 வயதில் கிரியேட்டினின் 1.6 என்றால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் ஏறக்குறைய 47 வருகிறது. எம்.ஆர்.ஐ. காண்ட்ராஸ்டுக்கு நாங்கள் தயங்குவது அது 30-க்குக் கீழே போனால்தான். அரைஞாண், மோதிரம், சட்டையில் குத்திய ஊக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு வாருங்கள். பையில் யூரின் பாதியளவு இருந்தால் படம் நன்றாக வரும். ஒரேயடியாகக் காலியாக இருந்தால் சுவர் சுருங்கித் தடித்துக் கட்டி மாதிரி தெரியும், முட்ட முட்ட நிறைந்திருந்தால் அவரால் அசையாமல் படுக்க முடியாது. அப்புறம் ஒன்று, இதே நோய் சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாய்களின் உள்தோலிலும் வரக்கூடும். ஹை கிரேடு என்பதால் அவ்வப்போது அதற்கென்று ஸ்கேன் எழுதுவார்கள். வழக்கமாக சி.டி. யூரோகிராம். கிரியேட்டினின் இன்னும் ஏறினால் அதற்குப் பதில் எம்.ஆர். யூரோகிராம் எடுக்கலாம். மிஷினுக்கு அங்கே நியாயமான வேலை இருக்கிறது.

சாயப்பட்டறை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. சாயத் தொழிற்சாலை ஆட்களுக்கு மூத்திரப்பைப் புற்று அதிகம் வருகிறது என்று ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே சொல்லிவிட்டார். ஃபுக்சின் என்ற சிவப்புச் சாயம் தயாரித்தவர்களிடம் அவர் அதைக் கண்டார். பென்சிடின் போன்ற பொருள்கள்தான் காரணம் என்பது பின்னால் தெளிவானது. அந்த வகைச் சாயங்களுக்கு இந்தியாவில் 1990-களில்தான் தடை வந்தது. அப்பா அதற்கு முன்பே பட்டறையில் இருந்தவராக இருந்தால், நோய்க்கும் வேலைக்கும் தொடர்பு இருக்கக்கூடும். தொட்டதற்கும் நோய் வருவதற்கும் இடையில் இருபது முப்பது வருடம்கூட ஓடிவிடும். டாக்டரிடம் இந்த வேலை விவரத்தைச் சொல்லி ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். அவருடன் அங்கே வேலை பார்த்தவர்கள் யாராவது தொடர்பில் இருந்தால், வலியே இல்லாமல் ஒரே ஒருமுறை யூரின் சிவப்பாகப் போனாலும் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சூடு என்று இளநீர் குடித்துவிட்டு விட்டுவிடுவார்கள். பீடி இப்போதும் தொடர்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. தொடர்ந்தால், கட்டி திரும்ப வருவதில் அதற்கும் பங்கு உண்டு.

இப்போது குறித்திருக்கும் தேதியை, வளையும் ஸ்கோப் இருக்கிற இடம் தேடுவதற்காக ஒன்றிரண்டு வாரம் தள்ளினால் பரவாயில்லை. மாதக்கணக்கில் தள்ளாதீர்கள். புது இடத்துக்குப் போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட், முதல் ஸ்கோப்பின் குறிப்பு, பி.சி.ஜி. போட்ட தேதிகள், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். பி.சி.ஜி. அந்த ஆறோடு முடிந்துவிட்டதா, இல்லை இடைவெளி விட்டு மறுபடி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹை கிரேடுக்குப் பொதுவாக ஒன்று முதல் மூன்று வருடம்வரை விட்டு விட்டுத் தொடர்வார்கள். ஸ்கோப்புக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் எரிச்சலும் யூரினில் லேசான சிவப்பும் இருக்கும், தண்ணீர் நிறையக் குடித்தால் சரியாகிவிடும். குளிரோடு ஜுரம் வந்தாலோ, ரத்தம் கட்டி கட்டியாக வந்து யூரின் நின்றுபோனாலோ, நேரம் பார்க்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.